சிசெங்கா மாமாவின் முதல் சாவு

எண்டோலாவில் அரசாங்க ஆஸ்பத்திரி நர்சுக்கு லீவு வேண்டுமென்றால் யாராவது சாக வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், பிள்ளை என்று இருந்தால் காய்ச்சல் வரத்தான் செய்யும் என்பார்கள். கல்யாணம் என்றால், கல்யாணம் சனிக்கிழமைதானே, ஞாயிற்றுக்கிழமை வந்து டியூட்டி பார் என்பார்கள். தனக்கே உடம்பு முடியவில்லை என்றால், ஆஸ்பத்திரியில்தானே இருக்கிறாய், இங்கேயே படுத்துக்கொள் என்று சிரிப்பார்கள். சாவு ஒன்றுக்குத்தான் மறுபேச்சு கிடையாது. அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் இன்சார்ஜ் அம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிடுவாள். செத்தவனுக்கு அந்த ஊரில் அவ்வளவு மரியாதை. உயிரோடு இருப்பவன் பாடுதான் திண்டாட்டம்.

அஸ்ட்ரிடா கபாம்பா ஆண்கள் அறுவை வார்டில் நர்ஸ். வாரக்கடைசியில் கால்பந்து நடுவர். இரண்டும் விளையாட்டு வேலை இல்லை. நர்ஸ் வேலைக்குப் படித்துப் பரீட்சை எழுதித்தான் வந்தாள். நடுவர் வேலைக்கும் படித்துப் பரீட்சை எழுதித்தான் வந்தாள். பள்ளிக்கூடப் பையன்கள் ஆட்டத்தில் கொடி பிடித்து நின்றதில் தொடங்கி, சுரங்க ஊர்களின் இரண்டாம் டிவிஷன், பிறகு பெண்கள் லீக், பிறகு ஆண்களின் முதல் டிவிஷனில் நடு மைதானத்தில் விசிலோடு நிற்பது வரைக்கும், ஒவ்வொரு படியாக ஏறி வந்தவள். ஓடியே ஏறினாள் என்று சொல்ல வேண்டும். விடிகாலையில் ஆஸ்பத்திரிச் சுவரைச் சுற்றி ஓடுவாள். ஓடி முடித்து, குழாயடியில் முகம் கழுவி, வெள்ளை உடுப்பை மாட்டிக்கொண்டு வார்டுக்குள் போவாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போர்வை அடுக்கும் அறையில் சுருண்டு படுத்துத் தூங்குவாள். சாப்பாடா தூக்கமா என்று கேட்டால் தூக்கம்தான்.

வார்டில் பாதிப் பேர் பந்துப் பைத்தியம். காலில் மாவுக்கட்டோடு கிடந்த ஒருத்தன் ஒருமுறை அவளைப் பார்த்ததும் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டான்.

"வேற சிஸ்டர் இல்லையா? இந்தம்மா போன வாரம் எங்க டீமுக்கு பெனால்டி குடுக்கல. இவ கையால எனக்கு ஊசி வேண்டாம்."

"கோட்டுக்கு வெளிய விழுந்தவனுக்கு பெனால்டி கிடையாது. உனக்கு உண்டு. திரும்பிப் படு."

வார்டே சிரித்தது. அவனும் சிரித்துக்கொண்டே திரும்பிப் படுத்தான்.

மைதானத்திலோ கதை தலைகீழ். "ஏய் நர்சு, போய் மூத்திரப் பாத்திரம் கழுவு!" என்று தகரக்கூரைக்கு அடியிலிருந்து கத்துவார்கள். "முதல்ல உன் கண்ணுக்கு மருந்து போட்டுட்டு வாடி!" என்பார்கள். அவள் திரும்பியே பார்க்கமாட்டாள். இங்கே ரெஃப்ரி, அங்கே நர்ஸ். எங்கே போனாலும் மற்றதைச் சொல்லித்தான் அடி. புருஷன்காரன் கொஞ்ச காலம் பொறுத்துப் பார்த்தான். "வெள்ளை உடுப்புல ஒரு வேலை, கறுப்பு உடுப்புல ஒரு வேலை. வீட்டு உடுப்புல நான் உன்னை எப்பத்தான் பார்க்கிறது?" என்று ஒருநாள் கேட்டான். கேள்வி நியாயமானதுதான். பதில் வருவதற்குள் கிட்வேயில் வேறொருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டான், அதில்தான் நியாயம் இல்லை.

அவளுக்கென்று மிஞ்சியிருந்தது ஒரே ஆள்தான். சிசெங்கா மாமா. அவள் அம்மாவோடு பிறந்தவர். அந்த ஜனங்கள் தாய்மாமனை யாமா என்பார்கள். பெற்ற அப்பனுக்கு மேலே ஒரு படி வைத்துப் பார்ப்பார்கள். லுவான்ஷியாவில் சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கி ஏற்றும் கூண்டை ஓட்டினவர். ஓய்வு பெறும்போது அவர் கையோடு வந்தது நெஞ்சு நிறையத் தூசியும், மிகோம்ஃப்வா குடியிருப்பில் ஒரு வீடும். அவள் லுவான்ஷியாவில் முதன்முதலாக ஊதிய ஆட்டத்தில் உள்ளூர்க்காரன் போட்ட கோலைச் செல்லாது என்று சொல்லிவிட்டாள். கூட்டம் கல்லோடு வாசலில் காத்திருந்தது. மாமா ஒரு பழைய குடையை ஓங்கிக்கொண்டு நடுவில் புகுந்தார். "கோல் செல்லாதுன்னு எனக்கும்தான் வயிறு எரியுது! ஆனா என் மருமக மேல ஒரு கல்லு விழுந்துச்சு, மவனே, குடை முழுசா வீட்டுக்குப் போகாது!" அவளை அந்தக் குடைக்கு அடியிலேயே பஸ் வரைக்கும் கூட்டிக்கொண்டு போனார். போகிற வழியெல்லாம், அது கோல்தான் என்று அவளிடம் சண்டையும் போட்டார்.

அஸ்ட்ரிடாவுக்கு வேண்டியிருந்தது ஒரு சின்னத் துணி வில்லை. நெஞ்சில் தைத்துக்கொள்ளும் சர்வதேச நடுவர் சின்னம். அது இருந்தால் வெளிநாட்டு ஆட்டங்கள் ஊதலாம். வருஷத்துக்கு ஒருமுறை தலைநகர் லுசாகாவில் ஓட்டத் தேர்வு வைத்துப் பெயர் அனுப்புவார்கள். முப்பத்தெட்டைத் தொட்டவர்களின் பெயரைப் புதிதாக எழுதமாட்டார்கள். அவளுக்கு அப்போது முப்பத்தேழு. அந்த வருஷம் விட்டால் விட்டதுதான்.

தேர்வு ஒரு திங்கட்கிழமை வந்தது. டியூட்டி மாற்றிக்கொள்ள ஆள் இல்லை. கூட வேலை பார்க்கும் பிரிஸ்கா அவளுக்காக எத்தனையோ சனி, ஞாயிறு நின்றவள். அவளே கையைக் கூப்பிவிட்டாள். "எனக்கும் பிள்ளைங்க இருக்கு அக்கா. உன் பந்துக்காக நான் என் புருஷன்கிட்ட இனிமே பேச்சு வாங்க முடியாது." கடைசியில் வார்டு இன்சார்ஜ் முசோண்டா அம்மாவிடமே போய் நின்றாள்.

"லீவு எழுதிக் குடுத்திருந்தேன்மா."

"படிச்சேன். எழுத்து அழகா இருக்கு. லீவு இல்ல."

"ஒரே ஒரு நாள்மா. இந்த வருஷம் விட்டா எனக்கு இனிமே இல்ல."

"ரெண்டு பேர் இங்கிலாந்துக்குப் பறந்துட்டாங்க. இருக்கிறவளுங்க முதுகு ஒடியுது. நீ விசில் ஊதப் போறதுக்கு நான் யாரைக் கொண்டாந்து நிறுத்த? என் மருமகளையா?" முசோண்டா அம்மா கண்ணாடியைக் கழற்றினாள். "ஒண்ணு கேக்கறேன். எங்கம்மாவை அடக்கம் பண்ணின அன்னிக்கு நீ எங்க இருந்த?"

அஸ்ட்ரிடா மேசை மேலிருந்த தன் லீவுக் கடிதத்தைப் பார்த்தாள்.

"சிங்கோலாவுல விசில் ஊதிக்கிட்டு இருந்த. வார்டே வந்துச்சு. கூட்டிப் பெருக்கறவன்கூட வந்தான். நீ வரல. நான் வாய் திறந்து ஒண்ணும் கேக்கல. இப்பக் கேக்கறேன். ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு காலுன்னு நின்னா ரெண்டுக்கும் ஆக மாட்டடி. போ, மருந்து குடுக்கிற நேரம்."

அது உண்மைதான், அதனால்தான் சுருக்கென்று தைத்தது. அந்த ஊர் வழக்கத்தில் பெரிய பாவம் ஒன்று உண்டு என்றால் அது துக்க வீட்டுக்குப் போகாமல் இருப்பது. செத்த வீட்டில் நாற்காலி மேசையை எல்லாம் வெளியே தூக்கிப் போட்டுவிட்டு, பெண்கள் அறைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார்கள். ஆண்கள் வெளியே தீ மூட்டிச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். கூட வேலை செய்கிறவர்கள் பஸ் பிடித்து, சோளமாவு மூட்டை, கரி மூட்டை, கோழிகளோடு பாடிக்கொண்டே வந்து இறங்குவார்கள். யார் வந்தார்கள் என்பதை ஒருத்தரும் எழுதி வைப்பதில்லை, ஒருத்தரும் மறப்பதும் இல்லை. சனிக்கிழமைதான் அடக்கம் செய்வார்கள். சனிக்கிழமைதான் ஆட்டமும் நடக்கும். அவள் என்ன செய்வாள்?

ஞாயிற்றுக்கிழமை காலை டியூட்டிக்கு வந்தவள் மருந்து வண்டியைப் பிடித்துக்கொண்டே அழுதாள். அழுகை நிஜம். தூக்கமில்லாமலும், போகிற வயசை நினைத்தும், முசோண்டா அம்மா சொன்ன சொல்லை நினைத்தும் வந்த அழுகை. பிரிஸ்கா ஓடி வந்து, "என்னாச்சுக்கா?" என்று தோளைப் பிடித்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"யாமா போயிட்டார்."

வேறு யாரைச் சொல்வாள்? அம்மா அப்பா நிஜமாகவே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். புருஷன் செத்தான் என்று சொன்னால் யாரும் லீவு தரமாட்டார்கள், வாழ்த்துத்தான் சொல்வார்கள். மிச்சமிருந்தவர் மாமா ஒருத்தர்தான்.

முசோண்டா அம்மா எழுந்து வந்து அவளை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். "அன்னிக்கு ஏதோ கோவத்துல பேசிட்டேன். மனசுல வெச்சுக்காதடி பொண்ணே. போ. வார்டை நான் பார்த்துக்கறேன். எங்க அழறாங்க? எந்த வீடு?"

இங்கேதான் அவள் கெட்டாள். வடக்கே லுவிங்குவில், பஸ் போகாத கிராமத்தில் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் அதோடு முடிந்திருக்கும். பொய் பேசிப் பழகாத வாய். சாவைப் பொய்யாகச் சொன்னது, முகவரியை நிஜமாகவே சொல்லிவிட்டது.

"லுவான்ஷியாவுலமா. மிகோம்ஃப்வா. தண்ணித்தொட்டிக்குப் பின்னால."

அன்று மாலையே லுசாகா பஸ் ஏறினாள். மறுநாள் வெயில் ஏறுவதற்குள் தேர்வு. செம்மண் தடத்தில் ஓடவும் நடக்கவும், ஓடவும் நடக்கவும், விசில் ஊதினால் பாயவும். இருபத்தைந்து வயசுப் பிள்ளைகள் இரண்டு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டார்கள். இவள் உட்காரவில்லை. கடைசிச் சுற்றில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் கோட்டைத் தாண்டிவிட்டாள். நடுவர்களை நியமிக்கிற சிலேஷே கை நீட்டினார்.

"பாஸ். லீவு குடுத்தாங்களா? போன தடவை உங்க ஆஸ்பத்திரி மூக்கால அழுதுச்சே?"

"என் மாமாவைக் கொன்னுட்டு வந்திருக்கேன் சார்," என்றாள், மூச்சு வாங்க, சந்தோஷத்தில்.

சிலேஷேவுக்கு விளங்க ஒரு நிமிஷம் பிடித்தது. பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "பார்த்தீங்களாடா, இதான் ரெஃப்ரி! நீங்க கால் சுளுக்குன்னு போன் பண்றீங்க, இவ மாமனையே பலி குடுத்திருக்கா!" என்று அங்கிருந்த எல்லாருக்கும் சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். அவளும் கூடவே சிரித்தாள்.

அவள் அங்கே சிரித்துக்கொண்டிருந்த அதே நேரத்தில் லுவான்ஷியாவில் நடந்ததை அவள் பார்க்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எண்டோலாவில் அதை அவளிடம் சொல்லாதவர்கள் இல்லை. முசோண்டா அம்மா தானே முன்னால் நின்று ஆஸ்பத்திரி பஸ்ஸைக் கேட்டு வாங்கியிருக்கிறாள். அன்றைக்குச் சுடுசொல் சொன்னது அவள் மனசை அறுத்திருக்கிறது. இடுப்பில் சிட்டெங்கே துணி சுற்றி, தலையில் முக்காடு கட்டி, பஸ் நிறையப் பெண்கள். கூரை மேல் சோளமாவு, கரி, கால் கட்டிய கோழிகள். மிகோம்ஃப்வா திருப்பத்திலேயே பாட்டை ஆரம்பித்துவிட்டார்கள். வாசலில் இறங்கியதும், வழக்கப்படி, முதல் ஒப்பாரியை பிரிஸ்கா எடுத்தாள். "ஐயோ யாமா! எங்களை விட்டுட்டுப் போயிட்டீங்களே யாமா!"

வாசலில் அவகாடோ மரத்தடியில் ஒரு கிழவர் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். எழுந்து, தொப்பியைக் கழற்றி, அவரும் மரியாதையாகத் தலை குனிந்தார்.

"யாரும்மா போனது?"

"இந்த வீட்டுப் பெரியவர்தான் அப்பா. சிசெங்கா ஐயா."

"சிசெங்கா நான்தான்."

பாட்டு நின்றது. பின்னால் இருந்தவர்களுக்கு விஷயம் தெரியாததால் அவர்கள் இன்னும் கொஞ்ச நேரம் பாடிக்கொண்டிருந்தார்கள். முசோண்டா அம்மா கிழவரைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள்.

"உங்க மருமக அஸ்ட்ரிடா..."

அந்தப் பெயரைக் கேட்டதுமே கிழவருக்குப் புரிந்துவிட்டது. தேர்வு என்றைக்கு என்பது அவருக்குத் தெரியும். சமாளிக்கப் பார்த்தார். "ஆமாமா, நேத்து நெஞ்சு ரொம்ப மோசமாத்தான் இருந்துச்சு. புள்ள பயந்துட்டா போல." யாரும் நம்பவில்லை. பிறகு கிழவர் அந்தக் கோழிகளைப் பார்த்தார், மூட்டைகளைப் பார்த்தார். "சரி, என் சாவுக்கு வந்தவங்க பசியோட திரும்பக் கூடாது. எஸ்னாட், அடுப்பைப் பத்தவை!" என்று பெண்டாட்டியைக் கூப்பிட்டார். கோழிக் குழம்பு வைத்து, உப்வாலி களி கிளறி, எல்லாருக்கும் போட்டார். தானும் உட்கார்ந்து தன் சாவுச் சோற்றைச் சாப்பிட்டார். "என்னை இவ்ளோ நல்லாப் பாடுவீங்கன்னு தெரிஞ்சிருந்தா எப்பவோ செத்திருப்பேனே" என்றார். இளசுகள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். முசோண்டா அம்மா சாப்பிடவில்லை. பஸ்ஸுக்குள் ஏறி ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். எஸ்னாட் அத்தையும் சிரிக்கவில்லை. அகப்பையை வைத்துவிட்டு வாசலுக்குப் போய் மண்ணில் துப்பினாள்.

"உசுரோட இருக்கிற மனுஷனைச் செத்தான்னு சொல்லி வாசல்ல ஒப்பாரி வெச்சாச்சு. வாயில வந்த சாவு வீட்டுக்கு வராம போகுமா?" என்றாள்.

லுசாகா பஸ் நிலையத்தில் அஸ்ட்ரிடாவின் போன் அடித்தது. மாமா.

"நான் செத்துட்டேனாமே?"

"யாமா... யாமா, மன்னிச்சிருங்க..."

"அதை விடுடி. ஓடினியா?"

"ஓடினேன்."

"பாஸா?"

"பாஸ், யாமா."

"அப்ப சரி. செத்தது வீண் போகல," என்று சொல்லிவிட்டு இருமினார். அந்த இருமல் போனை வைக்கும்வரை நிற்கவில்லை.

வேலை போகவில்லை, நர்ஸ் பஞ்சம் அதைக் காப்பாற்றியது. விசாரணை வைத்தார்கள், ஒரு வருஷச் சம்பள உயர்வை நிறுத்தினார்கள். அதெல்லாம் பெரிதில்லை. வார்டுக்குள் அவள் நுழைந்தால் பேச்சு நின்றது, அதுதான் பெரிது. நோயாளிகளுக்குக்கூடக் கதை தெரிந்துவிட்டது. "சிஸ்டர், எனக்கு வீட்டுக்குப் போகணும், எங்க மாமாவைக் கொஞ்சம் சாகடிச்சுக் குடுங்க" என்று ஒருத்தன் கேட்டான். மாமாவுக்கு, பைபிளில் செத்துப் பிழைத்தவன் பெயரை எடுத்து, லாசரு என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அவள் முசோண்டா அம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்டாள். அந்த அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"உன்னைத் திட்டிட்டமேன்னு ராத்திரியெல்லாம் தூங்காம, நானே கோழி பிடிச்சுக் கட்டினேன்டி. அந்தக் கிழவர் முன்னால நான் நின்ன நிலை எனக்குத்தான் தெரியும். உனக்குன்னு ஒரு சாவு இருந்துச்சு. அதை எடுத்துச் செலவழிச்சிட்ட. இந்த வார்டுல உனக்கு இனிமே சாவு கிடையாது."

வருஷம் திரும்பியபோது பட்டியல் வந்தது. அதில் அவள் பெயர் இருந்தது. துணி வில்லையும் வந்தது. வார்டில் யாரிடமும் காட்டவில்லை. லுவான்ஷியாவுக்கு எடுத்துக்கொண்டு போனாள். மாமா அதை வெளிச்சத்தில் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "இத்தனூண்டுதானா? நான் இதைவிடப் பெரிசா இருக்கும்னுல்ல செத்தேன்" என்றார். பிறகு கண்ணாடி போட்டுக்கொண்டு, தானே ஊசி நூல் எடுத்து, கறுப்புச் சட்டையின் நெஞ்சில் கோணல்மாணலாகத் தைத்துக் கொடுத்தார். எஸ்னாட் அத்தை உள்ளிருந்து வெளியே வரவே இல்லை.

முதல் வெளிநாட்டு ஆட்டம் லுசாகாவில் ஒரு சனிக்கிழமை. மலாவி நாட்டுப் பெண்கள் அணி வருகிறது. நடுவில் விசிலோடு அஸ்ட்ரிடா கபாம்பா. அந்த ஒரு நாளுக்கு பிரிஸ்கா மனசு இரங்கி டியூட்டி மாற்றிக் கொடுத்திருந்தாள். மாமா டிவியில் பார்ப்பதற்காகப் பக்கத்து வீட்டு நாற்காலியில் இப்போதே இடம் பிடித்துவைத்திருந்தார்.

புதன்கிழமை காலை அவள் ஒருத்தனுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தாள். உடுப்புப் பையில் போன் அதிர்ந்தது. எஸ்னாட் அத்தை. ஒரே வார்த்தைதான் சொன்னாள். "போயிட்டார்." பிறகு, "இப்ப உனக்குத் திருப்திதானே" என்று சேர்த்துச் சொன்னாள்.

அஸ்ட்ரிடா பாதிக் கட்டை அப்படியே விடவில்லை. சுற்றி முடித்து, முனையை ஒட்டி, கையைக் கழுவினாள். பிறகு முசோண்டா அம்மாவின் மேசை முன்னால் போய் நின்றாள்.

"யாமா போயிட்டார்மா."

வார்டில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "எத்தனாவது தடவை?" என்று இன்னொரு குரல். முசோண்டா அம்மா நிமிர்ந்து பார்த்தாள். அவள் பார்வையில் வெறுப்புக்கூட இல்லை, சலிப்புத்தான்.

"சனிக்கிழமை மேட்ச் இருக்கில்ல? பிரிஸ்கா டியூட்டி மாத்தினது தெரியும். ஒரு நாள் பத்தாதா? முன்னாடியே போய் ஓடிப் பழகணுமா?"

"நிஜம்மா. சத்தியமா நிஜம்."

"போன தடவையும் நிஜமாத்தான் அழுத."

அன்றைக்கு நிஜமாக அழுதாள். இன்றைக்கு அழுகை வரவே இல்லை. கண்ணீர் விட்டிருந்தால் ஒருவேளை நம்பியிருப்பார்களோ என்னவோ. தொப்பியை மேசை மேல் வைத்துவிட்டு, வெள்ளை உடுப்போடு அப்படியே மினிபஸ் ஏறிவிட்டாள்.

அடக்கம் சனிக்கிழமை என்று முடிவானது. வேறு எந்தக் கிழமை இருக்கும்? வெள்ளிக்கிழமை காலை துக்க வீட்டுக் கொல்லையில் நின்று சிலேஷேவைக் கூப்பிட்டாள்.

"சார், நாளைக்கு என்னால வர முடியாது. மாமா தவறிட்டார்."

"எந்த மாமா?"

"எனக்கு இருந்தது ஒரே மாமாதான் சார்."

"ஏம்மா, அவர் போன வருஷமே செத்தவராச்சே!" சிலேஷே சிரிக்கப் பார்த்தார், பிறகு கோபம் வந்துவிட்டது. "இந்தா பாரு. பயமா இருந்தா பயம்னு சொல்லு. முதல் மேட்ச், கால் நடுங்கும், எல்லாருக்கும் நடுங்கும். நீ ஆஸ்பத்திரிக்குச் சொன்ன கதையை என்கிட்டயே சொல்றியா? அந்தக் கதையை ஊர் பூராச் சொல்லி உன்னைத் தூக்கி வெச்சவனே நான்தான்."

"வந்து பாருங்க சார். வீட்டுல பெட்டி இருக்கு."

"நாளைக்கு ரெண்டு நாட்டுக் கொடி ஏத்தணும், நான் லுவான்ஷியாவுக்கு வந்து பெட்டியைத் திறந்து பார்க்கட்டுமா? வரியா, வரலையா?"

"வரல."

"அப்ப எழுதிக்கறேன்," என்று வைத்துவிட்டார். நியமித்த ஆட்டத்துக்குத் தக்க காரணம் இல்லாமல் வராதவர் என்று எழுதினார். அந்த ஆட்டத்தை ஒரு சின்னப் பெண் ஊதினாள், தேர்வில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, பிறகு மறுவாய்ப்பில் ஓடித் தேறினவள். நன்றாகவே ஊதினாளாம். அடுத்த வருஷப் பட்டியலில் அஸ்ட்ரிடாவின் பெயர் இல்லை. வயசு தாண்டிவிட்டது, திரும்ப எழுத வழியும் இல்லை.

துக்க வீட்டில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அத்தை பக்கத்துப் பெண்கள் காலை மடக்கிக்கொண்டு அவளைச் சுற்றி ஒரு ஆள் அகலத்துக்கு இடம் விட்டார்கள். ஒட்டி உட்கார யாருக்கும் துணிச்சல் இல்லை. எத்தனையோ பிணங்களைக் கழுவி உடுத்திய கை அவளுடையது. மாமாவைக் கழுவக் கூப்பிடவில்லை. "வேண்டாம்," என்றாள் அத்தை. "நீ ஏற்கெனவே எல்லாம் பண்ணிட்ட."

"அவருக்குச் சுரங்கத் தூசி அத்தை. நெஞ்சு முழுக்கத் தூசி. நான் நர்ஸ், எனக்குத் தெரியும்."

"தூசி முப்பது வருஷமா இருந்துச்சு. நீ சொன்ன அப்புறம்தான் அதுக்குக் காது கேட்டுச்சு."

சுரங்கத்தில் கூட வேலை செய்தவர்கள் வந்தார்கள், சர்ச்சுக்காரர்கள் வந்தார்கள், பக்கத்து வீட்டுக்காரன் நாற்காலியோடு வந்தான். ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் அவள் தலை வாசலுக்குத் திரும்பியது. ஆஸ்பத்திரி பஸ்ஸின் சத்தம் அவளுக்குத் தெரியும், கியர் மாற்றும்போது ஒரு முனகல் முனகும். வியாழக்கிழமை வரவில்லை. வெள்ளிக்கிழமை வரவில்லை. சனிக்கிழமை கல்லறைக்குப் போகும் லாரியில் நின்றுகொண்டே மெயின் ரோட்டைப் பார்த்தாள். லுசாகா பஸ்கள் தெற்கே போய்க்கொண்டிருந்தன.

செவ்வாய்க்கிழமை பிரிஸ்கா வந்தாள். சவப்பெட்டிக் கடைக்காரனோ யாரோ சொல்லி, அடக்கத்துக்கான அனுமதிச் சீட்டை விசாரித்து, நிஜம்தான் என்று தெரிந்து, தனியாக மினிபஸ்ஸில் வந்தாள். கையில் ஒரு சின்னப் பை சோளமாவு. வாசலில் நின்றவள் தலை நிமிரவில்லை.

"அக்கா, வார்டுல சொன்னேன். நிஜமாவே செத்துட்டார்னு சொன்னேன். ஆனா பஸ்ஸும் மூட்டையும் ஒரு ஆளுக்கு ஒரு தடவைதானாம். சிசெங்கா ஐயாவுக்கு ஏற்கெனவே குடுத்தாச்சாம். சட்டம் அப்படித்தானாம். முசோண்டா அம்மா எந்திரிச்சுப் போயிட்டாங்க. இது நான் வாங்கினது."

அஸ்ட்ரிடா பையை வாங்கிக்கொண்டாள். பிரிஸ்கா வழக்கப்படி தலையில் கை வைத்து ஒப்பாரியை எடுத்தாள். "ஐயோ யாமா, எங்களை விட்டுட்டு..."

"நிறுத்துடி."

"துக்க வீட்டு வாசல்ல அழாம எப்படிக்கா உள்ள வரது?"

"நீதான் ஏற்கெனவே அழுதுட்டியே. உன் குரல் நல்லா இருந்துச்சுன்னு அவர் சாகற வரைக்கும் சொல்லிட்டிருந்தார்," என்றாள் அஸ்ட்ரிடா. "அது போதும். அதை அவர் காதால கேட்டார். உள்ள வா."

பிரிஸ்கா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அவள் பக்கத்தில் விட்டிருந்த இடத்தில் உட்கார்ந்தாள். மத்தியானம் அந்த மாவில் களி கிளறினார்கள். மறுநாள் காலை டியூட்டிக்கு அஸ்ட்ரிடா போனாள். யாரும் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை.